வளைகுடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நாள் முழுக்கக் காதில் விழும் சில சொற்கள்

துபாய்க்கு வந்த மூன்றாவது மாதம். அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை. உடன் வேலை பார்த்த சூடான் நாட்டுப் பெரியவர் ஒரு காலையில் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, ஊரில் தன் தந்தை இறந்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு அப்போது தெரிந்த அரபுச் சொற்கள் நான்கோ ஐந்தோதான். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளை மெல்லத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார். கிடங்கின் வண்டி ஓட்டுநர் கீழக்கரைக்காரர். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "தம்பி, வாப்பா மவுத்தாகிவிட்டார் என்று அந்த மனிதர் சொல்கிறார். அல்லாஹ் நாடினால் அப்படியே நடக்கட்டும் என்று நீ சொல்கிறாய்" என்றார். காது மடல் வரை சூடேறியது.

அன்று முதல் அவர்தான் எனக்கு ஆசான். அவர்கள் ஊர் வழக்கப்படி அவரைக் 'காக்கா' என்று கூப்பிடப் பழகினேன். அண்ணன் என்று பொருள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன எனக்கு முதல் வாரம் சிரிப்பு வந்தது உண்மை. அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: நடக்கப் போவதற்கு இன்ஷா அல்லாஹ், நடந்து முடிந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ், கண் முன்னே இருக்கும் நல்லதற்கு மாஷா அல்லாஹ். இந்த மூன்றையும் இடம் மாற்றாமல் இருந்தாலே பாதிச் சங்கடம் தீரும். நேற்று அனுப்பிய சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் 'இன்ஷா அல்லாஹ்' என்று பதில் சொல்லும் நம்மவர்களை இன்றும் பார்க்கிறேன். கேட்டவருக்கு, சரக்கு இன்னும் கிளம்பவே இல்லை என்றுதான் புரியும்.

துக்கச் செய்திக்கு என்ன சொல்வது? இறந்தவர் ஆண் என்றால் 'அல்லாஹ் யர்ஹமுஹு', பெண் என்றால் 'அல்லாஹ் யர்ஹம்ஹா'. அல்லாஹ் அவருக்கு அருள் புரியட்டும் என்பது பொருள். 'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்' என்று முஸ்லிம்கள் சொல்வதையும் கேட்பீர்கள். 'நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள்' என்னும் இது குர்ஆன் வசனம். அதை நான் சொல்வதில்லை. நம்பிக்கையோடு சொல்பவர் வாயிலிருந்து வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அரபு நாக்கில் நிற்கவில்லை என்றால் கையைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள், போதும்.

இனி இன்ஷா அல்லாஹ். வந்த புதிதில் எல்லோரும் எரிச்சல்படுவது இதைக் கேட்டுத்தான். விசா எப்போது வரும்? இன்ஷா அல்லாஹ். ஏசி சரி செய்ய ஆள் வருவாரா? இன்ஷா அல்லாஹ். 'அப்படியென்றால் நடக்காது என்று அர்த்தம்' என்று அறையில் உள்ள பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். அந்தப் பாடத்தைக் கேட்டுக்கொள்ளாதீர்கள். 'நாளை இதைச் செய்வேன்' என்று எதைப் பற்றியும் சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று குர்ஆனின் 18-ஆம் அத்தியாயம் சொல்கிறது. நாளை என்பது நம் கையில் இல்லை என்ற ஒப்புதல் அது. பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது 'ஆண்டவன் புண்ணியத்தில் நல்லபடியாக நடக்கட்டும்' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த இடம்.

ஆனால் சிலர் அதைத் தட்டிக்கழிக்கவும் பயன்படுத்துகிறார்கள். நாம் 'பார்க்கலாம்' என்று சொல்வதில்லையா? கடன் கேட்டு வந்தவரிடம் சொல்லும் 'பார்க்கலாம்' வேறு, பெண் பார்க்க வருகிறோம் என்றவரிடம் சொல்லும் 'பார்க்கலாம்' வேறு. வித்தியாசம் குரலில் இருக்கிறது. இங்கேயும் அப்படித்தான். வேலை விஷயம் என்றால் முகம் சுளிக்காமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "இன்ஷா அல்லாஹ். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரட்டுமா?" நாளும் நேரமும் கிடைத்தால் அது உறுதி. 'புக்ரா' மட்டும் கிடைத்தால், அகராதிப்படி அது நாளைதான் என்றாலும், வியாழக்கிழமை வரை பொறுத்திருக்கத் தயாராகுங்கள்.

மாஷா அல்லாஹ்வைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை. திருஷ்டி தெரிந்தவர்கள் நாம். 'அல்லாஹ் நாடியது' என்பது நேர்ப்பொருள். குழந்தை, புது வீடு, புது கார், மகனின் மதிப்பெண் என எதைப் புகழ்ந்தாலும் அதோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் லாரிகளில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் காரியத்துக்கு, இங்கே காரின் பின் கண்ணாடியில் இந்தச் சொல் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். லிஃப்டில் ஒரு அரபுத் தாயின் கைக்குழந்தையைப் பார்த்து 'எவ்வளவு அழகு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் குழந்தையைச் சற்று உள்ளே அணைத்துக்கொள்ளக்கூடும். 'மாஷா அல்லாஹ்' என்று முதலில் சொன்னால் குழந்தையின் பெயரையும் அவரே சொல்வார். நம் ஊரில் குழந்தையின் கன்னத்துக் கறுப்புப் பொட்டைப் பார்த்து நாமே நிம்மதி அடைகிறோம் அல்லவா, அதே மனசுதான்.

அல்ஹம்துலில்லாஹ் என்பதற்கு, 2009-இல் ஆஸ்கர் மேடையில் ஏ. ஆர். ரஹ்மான் தமிழில் சொன்ன 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்தால், தும்மினால், நலமா என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் இதுவே வரும். ஒரு எச்சரிக்கை: நலமா என்ற கேள்விக்கு இந்தப் பதில் வந்தால் அவர் நலமாக இருக்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காய்ச்சலில் கிடப்பவரும் இதையேதான் சொல்வார். துன்பத்திலும் நன்றி சொல்வது அவர்கள் பழக்கம். உடன் வேலை செய்பவர் என்றால் இரண்டாவது முறையும் கேளுங்கள், அப்போதுதான் முதுகுவலியும் ஊர்க்கடனும் வெளியே வரும்.

யாராவது தும்மிவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றால், கேட்டவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்பார். குழந்தை தும்மினால் 'நூறாயுசு' என்கிறோமே, அது போல.

ஸலாம் சொல்வதைப் பற்றிப் பலருக்கும் தயக்கம் இருக்கிறது. முஸ்லிம் அல்லாத நான் சொல்லலாமா? நான் இருந்த இடங்களில் யாரும் அதைக் குறையாகப் பார்த்ததில்லை, பெரும்பாலும் மகிழ்ந்தார்கள். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றால் உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். பதில் 'வ அலைக்குமுஸ்ஸலாம்'. பதில் சொல்லாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் மரியாதைக் குறைவு. வணக்கத்தைவிட இதில் ஒழுங்கு அதிகம். வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும், சிலராக இருப்பவர்கள் பலராக இருப்பவர்களுக்கும் முந்திச் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி. அதனால் லிஃப்டில் நுழைந்தாலும், அலுவலகக் காத்திருப்பு அறையில் நுழைந்தாலும், உள்ளே வருபவர்தான் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஓசையில்லாமல் உள்ளே போய் மூலை நாற்காலியில் உட்காருவது நமக்கு அடக்கம். அவர்களுக்கு அது முகத்தைத் திருப்பிக்கொள்வது போலப் படும். கூச்சமாக இருந்தால் 'ஸபாஹுல் கைர்' சொல்லுங்கள், வெறும் காலை வணக்கம்தான். 'ஸபாஹுந் நூர்' என்று பதில் வரும்.

நமக்குச் சட்டென்று பிடிபடும் இன்னொரு சொல் ஹராம். மார்க்கம் தடுத்தது என்பது பொருள். ஆனால் எகிப்துக்காரரோ லெபனான்காரரோ, மழையில் நனைந்த பூனையைப் பார்த்தும் 'ஹராம்' என்பார். பூனை என்ன குற்றம் செய்தது என்று நான் விழித்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நம் 'பாவம்' அப்படியே இதுதான். செய்தால் பாவம், பார்த்தாலும் 'ஐயோ பாவம்'.

எச்சரிக்கையோடு தொட வேண்டியவையும் உண்டு. 'வல்லாஹி' என்றால் அல்லாஹ் மீது ஆணை. நாம் 'சத்தியமாக' என்று மூச்சுக்கு மூச்சு சொல்வது போலக் கடைத்தெருவில் இதுவும் புழங்குகிறது. ஆனாலும் பொய்ச் சத்தியம் அவர்களுக்குப் பெரும் பாவம் என்பதால், பேரம் பேசும்போது நீங்கள் அதை எடுக்காதீர்கள். 'யல்லா' என்பது கிளம்பலாம் என்கிற சாதாரணச் சொல்தான், தோழர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். மேலாளரிடம் இரண்டு முறை அடுக்கிச் சொன்னால் விரட்டுவது போல இருக்கும். 'கல்லிவல்லி' முதல் நாளே காதில் விழும். தொலையட்டும் விடு என்ற தொனி. அறையோடு வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லும் குரலை வேடிக்கைக்காகப் பாடிக் காட்டுவது, 'அல்லாஹு அக்பர்' என்று சினிமா பாணியில் கத்துவது, இவற்றை அறைக்குள்ளும் செய்யாதீர்கள், வீடியோவில் எடுத்துப் பகிரவே பகிராதீர்கள். மதங்களை இழிவுபடுத்துவதைக் கடும் குற்றமாக்கிய சட்டம் அமீரகத்தில் 2015-இலேயே வந்துவிட்டது.

ரமலானில் 'ரமலான் கரீம்', பெருநாளில் 'ஈத் முபாரக்' என்றால் எல்லோருக்கும் புரியும். அமீரகத்துக்காரர்கள் பெருநாளில் 'அஸாகும் மின் உவ்வாதா' என்பார்கள். இந்த நாள் உங்களுக்கு மீண்டும் மீண்டும் வரட்டும் என்பது கருத்து. கடைசிச் சொல் வாயில் உருள ஒரு வாரம் பிடிக்கும்.

கடைசியாக, வாயால் சொல்லாத ஒரு விஷயம். நம் ஆட்கள் அறையில் தரையில் செய்தித்தாளை விரித்துச் சாப்பிடுவோம். பழைய தாளில் ஜன்னல் துடைப்போம், செருப்புக்கு அடியில் போடுவோம். அரபுச் செய்தித்தாளை அப்படிச் செய்யாதீர்கள். அப்துல்லாஹ் என்ற பெயரிலேயே அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது. இரங்கல் விளம்பரம் இருந்தால் வசனமும் இருக்கும். சவூதி கொடியில் கலிமா என்னும் இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் எழுதியிருப்பதால் அதை அரைக்கம்பத்தில்கூட இறக்குவதில்லை என்றால், அந்த எழுத்தின் மேல் குழம்பு சிந்துவதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? என் அறையில் ஒருமுறை காக்கா சாப்பிட வந்தபோது, விரித்திருந்த தாளை ஒன்றும் பேசாமல் மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். பிறகு கீழே இறங்கிப்போய், பக்கத்து பக்காலாவிலிருந்து, அதாவது மளிகைக் கடையிலிருந்து, சாப்பாட்டுக்கு விரிக்கும் பிளாஸ்டிக் சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் ரசம் ஆறிப் போயிருந்தது.