சத்துமாவு ஏன் கட்டிபட்டது?

கல்லூரி நாளில் ‘ஊரில் சொந்தமாக மாவு மில்’ என்று டைரியில் எழுதியிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் ஒன்பது பேர் சேர்ந்து கம்பு, கேழ்வரகு சத்துமாவு போட ஆரம்பித்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. மாவு கட்டி கட்டியாக, லேசான சிக்கு வாடையோடு. வறுவல் போதவில்லையோ என்று இன்னும் சிவக்க வறுத்தோம், கசந்ததுதான் மிச்சம். அரைத்த சூடு போக ராத்திரி முழுக்க வேட்டியில் பரப்பி ஆற வைத்தோம். சூடு ஆறிய பிறகு கவரில் போடுவது நல்ல பழக்கம்தான், ஆனாலும் பாக்கெட் திரும்பி வந்தது. தடிமனான கவர் வாங்கியதில் காசு போனது.

கடைசியில் ஒரு பாக்கெட்டை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். ஒட்டிய வாயோரத்தில் கடுகு கடுகாகக் குமிழி! கரண்டியால் அள்ளிப் போடும்போது கவரின் உள்வாயில் மாவுத்தூசி படிகிறது. அதன்மேல் சீல் போட்டால் பிளாஸ்டிக் முழுசாக ஒட்டாது. பார்வைக்கோ கச்சிதமாக இருக்கும். ஈரக்காற்று அந்த இடுக்கில் நுழைந்திருக்கிறது.

அப்புறம் பட்டறையில் அகலக் குழாய் வைத்த எவர்சில்வர் புனல் செய்து வாங்கி, கவரின் அடிவரை விட்டுக் கொட்டினோம். வாயைக் காய்ந்த துணியால் துடைத்த பிறகே சீல். ஈட்டுக்கு இரண்டு பாக்கெட்டுக்கு வாளிக் குளியல். கார்த்திகை முழுக்க ஒன்றுகூடத் திரும்பவில்லை.