ஏணி கடைசியில்தான்: கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் புதிதாக எழும்பும் கடைகளுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான். துடைக்க ஆள் தேடுகிறார்கள். ஒரு ஏணி, ஒரு வைப்பர், ஒரு பக்கெட் வாங்கிக்கொண்டு பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு லாட்ஜ் வாசலில் டைல்ஸ் தரையில் சோப்புத் தண்ணீர் சிந்தியிருந்ததைப் பார்க்காமல் ஏணியைச் சாத்தினோம். என்னோடு வந்த தம்பி எட்டடி உயரத்தில் இருக்கும்போது ஏணிக்கால் வழுக்கிவிட்டது. மணிக்கட்டு உடைந்து மூன்று மாதம் அவனுக்கு வேலை இல்லை. அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், இதைத் தரையில் நின்றே முடிக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

1. சும்மா ஒரு சுற்று

கையில் எதையும் எடுக்காமல் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். உள்ளே நின்றே கை எட்டும் ஜன்னல்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடிங் கண்ணாடி பலவற்றை மேலே தூக்கித் தடத்திலிருந்து உள்பக்கமாகவே கழற்றிவிடலாம். அப்புறம் அண்ணாந்து பாருங்கள். பழைய தெருக்களில் மின்கம்பி முதல் மாடி ஜன்னலை ஒட்டியே போகும். மின்கம்பிக்குப் பத்தடிக்குள் துடைக்கும் நீளக் கம்போ ஏணியோ போகும் என்றால் அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள். அலுமினியத்தில் மட்டுமல்ல, கார்பன் ஃபைபர் கம்பிலும் மின்சாரம் பாயும்.

சன்ஷேடில் இறங்கி நின்று துடைப்பது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது மழையையும் வெயிலையும் தடுக்கக் கட்டியது. உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது வெளியே தெரியாது.

2. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

தரையில் நின்றபடி நீளக் கம்பின் நுனியில் இருக்கும் பிரஷ் வழியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் முறையில் கண்ணாடியைத் துடைப்பதே இல்லை, தானாகக் காயவிடுகிறோம். அதனால் தண்ணீரில் இருக்கும் உப்பு முழுக்கக் கண்ணாடியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீர் ஒரு சொட்டை கறுப்புக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் ஓரம் தடித்த வெள்ளை வளையம் தெரியும். நகத்தால் சுரண்டினால் மாவு போல வரும். புதிதாக வருபவர்கள் பலர் இந்தத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "கம்பு முறை சரிப்படாது" என்று மறுபடி ஏணிக்கே போய்விடுகிறார்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறார்கள். கண்ணாடிக்கோ 10-க்குக் கீழே வேண்டும், 0 வந்தால் நல்லது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் பெரும்பாலும் அது வராது. ஆர்.ஓ.வுக்கு அப்புறம், மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் நிரப்பிய உருளை ஒன்று வைத்து அதன் வழியே விட வேண்டும். போர் தண்ணீரை நேராக ரெசினில் விட்டால் சீக்கிரம் தீர்ந்து காசு கரையும். முதலில் பழகிப் பார்க்க, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் போதும்.

3. கம்பால் கழுவுவது

சுவரிலிருந்து சில அடி தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் கழுத்து போய்விடும். முதலில் மேல் சட்டத்தைத் தேயுங்கள். அங்கே இருக்கும் புழுதிதான் பின்னால் கண்ணாடியில் வழியும். அடுத்து கண்ணாடி முழுவதும் மேலும் கீழுமாகத் தேயுங்கள். கடைசியாக பிரஷை லேசாக விலக்கி, மேலிருந்து கீழே நிதானமாக அலசிவிட்டுத் தொடாமல் விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலைப் புழுதி பல மாதம் படிந்த கண்ணாடிக்கு இரண்டு முறை தேவைப்படும். ஓஸ் பைப் நடைபாதையில் கிடக்கும், யாரும் தடுக்கி விழாதபடி ஓரமாகப் போடுங்கள்.

இவ்வளவு செலவுக்கு இப்போது வழியில்லையா? நீட்டுக் கம்பில் வைப்பரை மாட்டிக்கொள்ளுங்கள். வைப்பர் தண்ணீரை வழித்து எடுத்துவிடுவதால் உப்புத் தண்ணீரிலும் வேலை ஆகும். முதல் மாடி வரை எனக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. ஆனால் வேலூர் வெயிலில் சோப்பு நொடியில் காய்ந்துவிடும். மேற்குப் பக்கத்தைக் காலையிலும் கிழக்குப் பக்கத்தை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. மிச்சத்துக்கு மட்டும் ஏணி

பிரிட்டனில் 2005-இல் வந்த உயரப் பணி விதிகள் ஏணியைத் தடை செய்யவில்லை. ஏறாமல் முடிக்க வழி இருந்தால் அதைச் செய் என்கின்றன, அவ்வளவுதான். நானும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

ஏணி சாய்ந்திருக்கும் இடம் 12 அடி உயரம் என்றால் அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று. அளக்க டேப் தேவையில்லை: கால் விரல்கள் ஏணிக்காலைத் தொட நிமிர்ந்து நின்று கைகளை நேராக நீட்டினால், உள்ளங்கை தோள் உயரப் படியில் பட வேண்டும். தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். ரப்பர் தேய்ந்த ஏணியைத் தொடாதீர்கள், வழுக்காமல் இருக்கட்டும் என்று அடியில் சாக்கு போடாதீர்கள், சாக்கே நழுவும். மேல்முனை சுவரில்தான் சாய வேண்டும், கண்ணாடியில் கூடாது. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அவர் கையில் போன் வேண்டாம்.

மேலே போனதும் தொப்புள் இரண்டு ஏணிக்கால்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும். மேல் மூன்று படிகளில் நிற்காதீர்கள். வைப்பர் இடுப்பு பெல்ட்டில் இருந்தால் ஏறி இறங்கும்போது இரண்டு கையும் ஏணிக்குக் கிடைக்கும். "இன்னும் ஒரு சாண்தான்" என்று மூலையை எட்டத் தோன்றும்போது இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுங்கள்.