பெட்டியில் வந்த விண்வெளிக் கவசத்தை உடம்புக்குப் பொருத்துவது எப்படி?

விண்வெளி வீரன் வேஷத்துக்காக ஆன்லைனில் ஆர்டர் போட்ட கவசக் கிட் (நாமே வெட்டி ஒட்டிச் சேர்க்க வேண்டிய துண்டுகள்) வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் முதலில் வருவது ஏமாற்றம்தான். படத்தில் பளபளவென்று நின்ற விண்வெளி வீரனைக் காணோம். ஓரமெல்லாம் உபரித் தகடு நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடக்கும். எது தொடை, எது முன்கை என்றுகூடத் தெரியாது. என் ஆச்சி தோள் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல உப்பு போட்டு வைக்கலாம் போலிருக்கே" என்றாள்.

பயப்பட வேண்டாம். எங்கள் பக்கத்துக்கு வேஷம் கட்டுவது புதுசில்லை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி, குறத்தி, குரங்கு, போலீஸ் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டிப் போகிறார்கள். அதே ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதனால் விண்வெளி வேஷமும் எங்களுக்கு அந்நியமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அவர்களுடையது நேர்ச்சை, நம்முடையது ஆசை, இரண்டும் ஒன்றில்லை. ஆனால் பாரத்தை உடம்பில் எங்கே தொங்கவிடுவது என்ற விஷயத்தில் வருஷா வருஷம் காளி வேஷம் கட்டும் என் மாமாவிடம் கற்றுக்கொண்டதுதான் எனக்கு அதிகம் உதவியது.

இங்கே சொல்வது ஏபிஎஸ் பிளாஸ்டிக் கிட்டுக்கு. ஒன்றரை அல்லது இரண்டு மி.மீ. தடிமனுள்ள தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் போட்டு, கீழிருந்து காற்றை உறிஞ்சி வடிவம் எடுத்திருப்பார்கள். அச்சு யாரோ ஓர் ஆறடி ஆளுக்காகச் செய்தது. அதை உங்கள் அளவுக்குக் கொண்டுவருவதில்தான் முக்கால்வாசி வேலையும் இருக்கிறது.

முதல் நாள் பசையைத் தொடாதீர்கள்

எல்லா ஓடுகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தரையில் பாயை விரித்து, ஒரு மனிதன் படுத்திருப்பதுபோல வரிசையாக அடுக்குங்கள். தலை, மார்பு, முதுகு, வயிறு, தோள்கள், மேற்கைகள், முன்கைகள், இடுப்பு, தொடைகள், கெண்டைக்கால்கள். இடது வலது பார்த்து, ஒவ்வொன்றின் உள்பக்கமும் பென்சிலால் பெயர் எழுதுங்கள். கிட்டோடு வந்த படத்தை வைத்து ஏதாவது குறைகிறதா என்று இப்போதே சரிபாருங்கள். வெட்டின பிறகு புகார் சொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

வேண்டிய சாமான்கள் ஒரே ஹார்டுவேர் கடையில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்: கட்டர், இரும்பு ஸ்கேல், தையல் டேப், மாஸ்கிங் டேப், 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், நாலைந்து கிளாம்ப், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். வட்ட வெட்டுகளுக்கு வளைந்த முனைக் கத்தரி இருந்தால் நல்லது. சின்னச் சின்னக் காந்தங்கள் குறைந்தது இருபது வாங்குங்கள். கிளாம்ப் எட்டாத இடத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்தால் ஒட்டை அதுவே பிடித்துக்கொள்ளும். துணிக் கிளிப்பை நம்பாதீர்கள், இதற்கு அந்தப் பிடி போதாது.

அளவு

கவசத்துக்கு உள்ளே என்ன போடப்போகிறீர்களோ, அந்தக் கறுப்பு பனியன், பேன்ட், பூட்ஸ் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். என் முதல் தப்பு இங்கேதான். இடது தொடையை வெறுங்காலில் அளந்து, அந்தக் கணக்கில் வெட்டிவிட்டேன். உடையோடு போட்டால் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. கடைசியில் பின்பக்கம் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, உள்ளே அகலமான பட்டி ஒட்டி, அந்த இடைவெளிக்குள் வெட்டுத்துண்டை வைத்து நிரப்பித் தப்பித்தேன். உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

கணக்கை ஒரு தொடையை வைத்தே சொல்கிறேன். உடையோடு தொடையின் மேல்சுற்று 58 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடக்கத் தோதாக 3 செ.மீ. கூட்டினால் 61. முன் ஓடும் பின் ஓடும் சேர்ந்து சுற்றளவு 68 வருகிறது. உபரி 7 செ.மீ. இதை ஒரே பக்கம் வெட்டினால் ஒட்டு ஒருபுறமாக ஒதுங்கி, கால் திருகினதுபோலத் தெரியும். இரண்டு ஓட்டுக்கும் சேர்த்து நாலு ஓரங்கள் இருக்கின்றன அல்லவா? ஏழை நாலால் வகுங்கள், ஓரத்துக்கு 1.75 செ.மீ. அடுத்து முழங்காலுக்குச் சற்று மேலே அளங்கள். அங்கே 40, கூட்டல் 3, ஆக 43. ஓட்டில் 49 இருந்தால் உபரி 6, ஓரத்துக்கு 1.5. மேலே 1.75, கீழே 1.5 என்று புள்ளி வைத்து இரண்டையும் கோட்டால் சேர்த்தால் அதுதான் வெட்டுக்கோடு. ஆனால் முதலில் அதில் பாதியைத்தான் வெட்ட வேண்டும். மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக் காலில் மாட்டி, உட்கார்ந்து, எழுந்து, இரண்டு படி ஏறிப் பார்த்த பிறகுதான் மீதி. வெட்டினதை வளர்க்க முடியாது.

முன்கைக்கு மட்டும் வேறு கணக்கு. மணிக்கட்டு அளவுக்கு வெட்டினால் அழகாக இருக்கும், ஆனால் கை நுழையாது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, வளையல் போடுவதுபோலக் கையைக் குவித்து, அந்தச் சுற்றளவை எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்காலில் இந்தப் பாடே இல்லை. பின்பக்க ஒட்டைத் திறந்தே விட்டு வெல்க்ரோ வைத்துவிடலாம்.

வெட்டும் விதம்

கட்டரால் ஒரே அழுத்தில் அறுக்கப் பார்க்காதீர்கள், கையை வெட்டிக்கொள்வீர்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்து, லேசாக நாலைந்து முறை அதே கோட்டில் இழுங்கள். பிறகு கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் மடக்கினால், பனை ஓலை நறுக்குபோல 'டக்' என்று ஒடிந்துவிடும். ஓரத்தை 220-ல் தேய்த்து மழுக்குங்கள். அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் நல்ல வளைவாகக் குறைத்து, கன்னத்தில் தேய்த்தால் உறுத்தாத அளவுக்கு மழுக்க வேண்டும். கவசம் கடிப்பதெல்லாம் அங்கேதான்.

வெட்டின துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒட்டுப் பட்டிகளும் இடைவெளி அடைக்கும் பேஸ்ட்டும் அதிலிருந்துதான் செய்யப்போகிறோம்.

விரிந்துகொண்டே நிற்கும் ஓடு

வெட்டி முடித்ததும் சில ஓடுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இழுத்துப்பிடித்து ஒட்டினால் ஒட்டில் எந்நேரமும் இழுவை இருக்கும். ஒரு நாள் பிரிந்துவிடும். கொதிக்கும் தண்ணீரின் சூட்டில் ஏபிஎஸ் இளகத் தொடங்கும். அதனால் அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, வளைய வேண்டிய பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்கி, வேண்டிய வளைவுக்குப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் விடுங்கள். வளைவு நின்றுவிடும். போதவில்லையா, இன்னொரு முறை. அவசரப்பட்டு அதிக நேரம் விட்டால் அச்சில் வந்த கோடுகளும் மழுங்கிப்போகும்.

நான் இதைச் செய்தது வீட்டு விசேஷங்களுக்குச் சாம்பார் வைக்கும் அண்டாவில். ஆச்சி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏலே, அண்டாவுக்குள்ள என்னத்தப் போட்டு அவிக்க?" என்று கேட்டாள். அன்றோடு அண்டா எனக்கே எழுதிவைக்கப்பட்டது. பழைய பாத்திரம் ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ஒட்டுதல்

இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் நேருக்கு நேர் முட்டவைத்து, உள்ளே ஒரு பட்டி, வெளியே ஒரு பட்டி. கைக்கு ஒன்றரை செ.மீ., காலுக்கு இரண்டு செ.மீ. அகலம் போதும். பசை படும் இடத்தை 120-ல் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், அதில் பிளாஸ்டிக்கே கரைந்து வழவழத்துவிடலாம்.

எந்தப் பசை? மெதுவாக இறுகி, இறுகிய பிறகும் ரப்பர்போல வளைந்துகொடுக்கும் இ6000 வகைதான் என் தேர்வு. தப்பாக ஒட்டினால் பிய்த்துத் திரும்ப ஒட்டலாம். ஆனால் ஒரு நாள் முழுக்கக் காந்தமும் கிளாம்ப்பும் போட்டு வைக்க வேண்டும். முழு பலம் வர மூன்று நாள் வரை ஆகும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை சின்ன இடங்களுக்குச் சரி. ஒட்டினதைத் திருத்த முடியாது, தட்டுப்பட்டால் கண்ணாடிபோல விட்டுப்போகும். இரண்டிலும் ஆவி வரும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

ஹாட் குளூவை மட்டும் இந்த ஊரில் நம்பாதீர்கள். நான் முதல்முறை கவசத்தோடு ஒரு பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனது மத்தியான வெயிலில். கெண்டைக்கால் பட்டையை அவசரத்துக்கு ஹாட் குளூவால் ஒட்டியிருந்தேன். ஆட்டோவின் பின்னால் வெயிலில் கிடந்த அரை மணி நேரத்தில் பசை இளகி, வாசலிலேயே பட்டை கழன்று விழுந்தது. "மாமா, ஒங்க காலு விழுந்துட்டு" என்று ஒரு ஆறாம் வகுப்புப் பையன் எடுத்துக் கொடுத்தான்.

இடைவெளிகளை அடைக்க, வெட்டுத்துண்டுகளைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். கரைந்து இட்லி மாவுப் பதத்துக்கு வரும். அதே நிறம், அதே பிளாஸ்டிக். மெல்லப் பூசி, நன்றாகக் காயவிட்டு, 400-ல் தேய்த்தால் ஒட்டு மறையும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெள்ளைத் தகடாகவே வந்த கிட்டுக்குப் பெயின்ட் தேவையில்லை.

வார்கள்

கவசத்தின் ஓடு கடையில் வாங்கியதாக இருக்கலாம், அது நிற்பது வாரில். காளி வேஷத்தில் கிரீடம், கூடுதல் கைகள் எல்லாம் ஏறும். மாமா பாரம் எதையும் நேராகத் தோளில் விடமாட்டார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டி, அதிலிருந்துதான் மற்றதை இழுத்துக் கட்டுவார். நமக்கும் அதே வழி. சட்டைக்கு மேல், கவசத்துக்கு உள்ளே ஓர் அகலப் பெல்ட் கட்டுங்கள். தொடை ஓடுகள் இரண்டும் அந்தப் பெல்ட்டிலிருந்து தொங்க வேண்டும். இல்லையென்றால் பத்தடி நடப்பதற்குள் இரண்டும் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மார்பும் முதுகும் தோள்மேல் இரண்டு வார்களால் இணையும். வயிற்று ஓடு மார்பிலிருந்து எலாஸ்டிக்கில் தொங்கும். தோள் மூடிகள் மார்பின் வாரோடு சேரும்.

வாரை நேராக ஓட்டில் ஒட்டாதீர்கள். ஒரு அங்குல நைலான் பட்டையைச் சின்னச் சதுரமாக வெட்டி, அதில் பிரஸ் பட்டன் அடித்து, சதுரத்தை ஓட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். வாரின் முனையில் எதிர்ப் பட்டன். வார் தளர்ந்தால் வாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய நைலான் முனையைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. பட்டன் அடிக்கும் கருவி வாங்க வேண்டியதில்லை. ஸ்கூல் பை தைத்துக் கொடுப்பவரிடம் போனால் ஐந்து நிமிடத்தில் அடித்துத் தருவார். நான் போனவர் கவசத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் இழுக்கும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். இழுக்கும் திசை தெரிந்தால்தான் தையலை எங்கே இரட்டிப்பது என்று அவருக்குத் தெரியும். நீங்களும் ஒவ்வொரு வாருக்கும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலை

தலைக்கவசத்தின் இரண்டு பாதிகளையும் முதலில் டேப்பால் இணைத்து, கண்ணாடி முன் நின்று கோணல் பாருங்கள். கண் துளையைச் சிறிதாக வெட்டி, மெல்ல மெல்லப் பெரிதாக்குங்கள். கண்ணுக்கு, பழைய பைக் ஹெல்மெட்டின் லேசான கறுப்புக் கண்ணாடியை வெட்டி உள்ளே வைக்கலாம். வெல்டிங் கண்ணாடி வேண்டவே வேண்டாம், இருட்டாகிவிடும். நெற்றி, இரு பக்கம், பின்தலை என்று நாலு இடத்தில் ஸ்பான்ச் வைத்தால் ஆடாது. ஐந்து வோல்ட் சின்ன ஃபேன் இரண்டை, பவர் பேங்கில் ஓடுமாறு, காற்று கண் கண்ணாடியை நோக்கி வீசும்படி பொருத்துங்கள். மூச்சுப் படிந்து கண்ணாடி மங்குவது பாதி குறையும். உள்ளே ஒரு பருத்தித் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வது மாமாவின் யோசனை. வியர்வை கண்ணில் இறங்காது.

போட்டுப் பார்ப்பது

பூட்ஸ், கெண்டைக்கால், உள்பெல்ட், தொடை, மார்பு முதுகு, கைகள், கடைசியில் தலை. இந்த வரிசையை மாற்றினால் மார்பு ஏறிய பிறகு குனிய முடியாமல், யாராவது உங்களுக்குப் பூட்ஸ் மாட்டிவிட வேண்டியிருக்கும். முதல்முறை வீட்டுக்குள் பதினைந்து நிமிடம் போதும். எங்கே தோல் சிவக்கிறதோ அங்கே ஓட்டின் ஓரத்தைத் தேய்க்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே போவதென்றால் பொழுது சாய்ந்த பிறகு போங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றி மோரோ உப்புச் சர்க்கரைத் தண்ணீரோ குடியுங்கள். தலை சுற்றினாலோ, வியர்ப்பது திடீரென்று நின்றாலோ, உடனே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிழலில் உட்கார வேண்டும். வீட்டில் வைக்கும்போதும் வெயில் படாத இடம்தான். வெயிலில் ஏபிஎஸ் நாளாக நாளாக மஞ்சளாகும்.

கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். காலடி உங்களுக்குத் தெரியாது, பக்கவாட்டில் வரும் பைக்கும் தெரியாது. அவர் கையில் ஒரு பை: மாஸ்கிங் டேப், இரண்டு உபரி வார், ஃபெவிக்விக், தண்ணீர். உள்ளேயிருந்து பேசினால் சத்தத்தில் கேட்காது என்பதால் முதலிலேயே சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். நானும் தம்பியும் வைத்திருப்பது இதுதான்: தலைக்கவசத்தை ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் கேள்வி கேட்காமல் உடனே கழற்று.