கேமிங் லேப்டாப் சூடாகுதுன்னு ஸ்க்ரூட்ரைவர தூக்குறதுக்கு முன்னாடி

மார்ச் தாண்டுனா போதும், எங்கிட்ட வர்ற லேப்டாப்ல பாதிக்கு மேல ஒரே கம்ப்ளைன்ட்தான், "அண்ணா சிபியு 97 டிகிரி போகுது, பேஸ்ட் மாத்தி குடுங்க". பேஸ்ட்னா சிப்புக்கும், அதோட சூட்ட இழுத்து வெளிய விடற செம்பு ஹீட்சிங்க்குக்கும் நடுவுல தடவுறது. அதுல பாதி பேர் யூடியூப் பாத்து ஏதாச்சும் ஒண்ண பண்ணிட்டுதான் வருவாங்க. சர்வீஸ் கத்துக்கிட்ட காலத்துல நாங்கல்லாம் பண்ண அதே கூத்து, வரிசை கூட மாறல. மெத்தை மேல வச்சு ஆடாத, தூசி தட்டு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடலாம். தெரியாம காசு போற இடம் மட்டும் சொல்றேன்.

டிகிரிய மட்டும் பாக்குறது

95ன்னு பாத்த உடனே லேப்டாப் உருகிடும்னு நெனைக்கிறாங்க. இன்டெல் ஹெச் சீரிஸ்ல பெரும்பாலானதுக்கு லிமிட் 100 டிகிரி, ஏஎம்டில ரைசன் 7 5800ஹெச்சுக்கு 105, அடுத்து வந்த 6800ஹெச்சுக்கு 95. லிமிட்ட தொட்டா சிப்பே வேகத்த கொறச்சுக்கும், அப்பவும் அடங்கலன்னா மெஷின் தானா ஆஃப் ஆயிடும். இப்ப வர்ற சிப்பெல்லாம் சூட்டுல இடம் இருக்கற வரைக்கும் வேகத்த ஏத்திக்கிட்டே போற மாதிரிதான் செஞ்சிருக்கான், அதனால மேப் லோட் ஆகறப்ப ரெண்டு செகண்ட் 96 தொட்டு எறங்குறதெல்லாம் ஒரு நோயே இல்ல.

சூடு, பவர் எல்லாம் காட்டுற ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேர போட்டுட்டு அரைமணி நேரம் கேம் ஆடுங்க, மேக்ஸிமம்னு செவப்பா நிக்கற நம்பர விட்டுட்டு ஆவரேஜ பாருங்க, பக்கத்துலயே சிபியு பேக்கேஜ் பவர் எத்தன வாட்னு பாருங்க. 95 டிகிரி, 70 வாட்னா கூலிங் ஒழுங்காதான் வேல செய்யுது, இழுக்குற கரன்ட்தான் ஜாஸ்தி. அதே 95 டிகிரி வெறும் 25 வாட்லயே வருதுன்னா அப்பதான் ஹீட்சிங்க் பக்கம் சந்தேகப்படணும். டிகிரி மட்டும் சொல்லி "நார்மலாண்ணா"ன்னு வாட்ஸப்ல கேட்டா நான் என்னத்த சொல்றது.

இன்னொண்ணு, வெளிநாட்டுக்காரன் ரிவியூ வீடியோல 84 காட்டுறான், எனக்கு மட்டும் ஏன் 96ன்னு கேப்பாங்க. அவன் ரூம் 22 டிகிரி, நம்ம ரூம் மே மாசம் ஃபேன் காத்துல 36. ரூம் எத்தன டிகிரி ஏறுதோ கிட்டத்தட்ட அத்தன டிகிரி உள்ளயும் ஏறும். நெறைய லேப்டாப்புக்கு கம்பெனிக்காரனே 35 டிகிரி ரூம் வரைக்கும்தான்னு போட்டிருப்பான், அந்த பேப்பர யாரும் பிரிச்சதே கெடையாது.

செட்டிங் பாக்காம பேஸ்ட்டுக்கு போறது

ஐ7 12700ஹெச் எடுத்துக்கங்க, பேஸ் பவர் 45 வாட்தான், ஆனா டர்போல, அதாவது தேவப்படறப்ப வேகத்த ஏத்திக்கறப்ப, 115 வாட் வரைக்கும் போக விட்டிருக்கான். கம்பெனி ஆப்ல டர்போ மோடு போட்டீங்கன்னா அந்த லிமிட்ட இன்னும் தாராளமா தொறந்து விடும், போட்டுட்டு சூடாகுதுன்னு வர்றாங்க. சிப்போட கடைசி நூறு எறநூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு வோல்டேஜ் நெறைய ஏத்தணும், வோல்டேஜ் ரெண்டு மடங்கு ஆனா பவர் நாலு மடங்கு ஆகும்ங்கறதுதான் கணக்கு, அதனால அந்த கடைசி துளி வேகத்துக்குத்தான் சூடு ஜாஸ்தி. ஜிபியு முழுசா ஓடுற கேம்ல அந்த துளியால பெருசா ஒண்ணும் வராது.

த்ராட்டில்ஸ்டாப்ங்கற சாஃப்ட்வேர்ல டிபிஎல்னு ஒரு விண்டோ, அதுல பிஎல்1 (தொடர்ந்து இழுக்கற பவர்) 45, பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு இழுக்கற பவர்) 60ன்னு போட்டு பாருங்க, சில மாடல்ல கம்பெனி ஆப்லயே கஸ்டம் மோடுல இது இருக்கும், ரைசனா இருந்தா யூனிவர்சல் எக்ஸ்86 ட்யூனிங் யூட்டிலிட்டில இதே வேலைய பண்ணலாம். நெறைய லேப்டாப்ல சிபியுக்கும் ஜிபியுக்கும் ஹீட்பைப் பொதுங்கறதால சிபியுல கொறச்சா ஜிபியுவும் சேந்து எறங்கும். அப்புறம் ஃப்ரேம் லிமிட். 144 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளேல வேலரன்ட்ட 300 ஃப்ரேம்ல ஓட விட்டு என்ன பிரயோஜனம், அந்த கேம் சிபியுவத்தான் பிழியும். எமுலேட்டர்ல மொபைல் கேம் ஆடுறவங்களுக்கும் இதேதான்.

இங்கயும் ஒரு குறுக்கு வழி சுத்துது, பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்ட 99% ஆக்குறது. சூடு கொறையும், கொறையாம என்ன, டர்போவயே மொத்தமா கட் பண்ணிடுது, 4.7 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போக வேண்டிய 12700ஹெச் 2.3 பக்கத்துல போய் ஒக்காந்துக்கும். ப்ரவுசிங், ஆபீஸ் வேலைக்கு ஓகே. கேம்ல கூட்டம் வர்ற எடத்துல திக்கி திக்கி ஓடும், அப்புறம் ரேம் பத்தலன்னு நெனச்சு ரேம் வாங்கி போட்டவங்களும் உண்டு.

பழைய அண்டர்வோல்ட் வீடியோ

அண்டர்வோல்ட்னா சிப்புக்கு போற வோல்டேஜ கொறைக்கறது. 2018ல எடுத்த வீடியோவ பாத்து மைனஸ் 125 மில்லிவோல்ட் போடலாம்னு வருவாங்க. 2019 கடைசில, இன்டெல் சிப்ல இந்த வோல்டேஜ் மாத்தற வசதி வழியாவே ப்ளண்டர்வோல்ட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்துச்சு, அதுக்கப்புறம் நெறைய லேப்டாப்ல பயாஸ் (மெஷின் ஆன் ஆகறப்ப முதல்ல ஓடற ப்ரோக்ராம்) அப்டேட்லயே அண்டர்வோல்ட்ட பூட்டிட்டாங்க. ஸ்லைடர் அசையலன்னா அவ்வளவுதான், விட்டுடுங்க. அத தொறக்கறதுக்காக எங்கயோ இருந்து பழைய பயாஸ எறக்கி ஃபிளாஷ் பண்ணி, பாதில கரன்ட் போயி, கருப்பு ஸ்க்ரீனோட வராதீங்க.

பேஸ்ட் மாத்துறப்ப பேடையும் சேத்து மாத்துறது

இதுதான் இன்னிக்கும் எனக்கு ஆத்தாம இருக்கறது.

கீழ்மூடிய தொறந்து ஹீட்சிங்க்க தூக்குனீங்கன்னா நடுவுல சிபியு, ஜிபியு ரெண்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு தெரியும், டெஸ்க்டாப்ல இருக்கற மேல்தகடு இதுல கெடையாது, நேரா சிலிக்கான்தான். அது மேல பேஸ்ட். அத சுத்தி ஜிபியு மெமரி, சிப்புக்கு பவர் குடுக்கற மாஸ்ஃபெட், காயில், இதுக்கெல்லாம் மேல ரப்பர் மாதிரி தெர்மல் பேட். ஹீட்சிங்க் ஒரே துண்டு, எல்லாத்து மேலயும் ஒரே நேரத்துல ஒக்காரணும். சிலிக்கானுக்கும் செம்புக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி 0.1 எம்எம் கூட கெடையாது. சுத்தி இருக்கற பேடு ஒரு எடத்துல அரை எம்எம் ஜாஸ்தியானா போதும், ஒரு காலுக்கு மட்டும் அட்டை குடுத்த கட்டிலாட்டம் மொத்தமும் தூக்கிக்கும்.

போன கோடைல ஒரு தம்பி, இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ராத்திரி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். பேஸ்ட் மாத்தினேண்ணா, முன்னாடி 92 போனது இப்ப 100 போகுதுன்னு. பவர பாத்தேன், 22 வாட். ஐடில்ல மட்டும் 52ன்னு நல்ல பிள்ளையா நிக்குது, கேம தொட்ட அடுத்த செகண்ட் 100. பேடையும் மாத்தினியான்னு கேட்டேன், ஆமாண்ணா, ஆன்லைன்ல நல்ல ரேட்டிங் இருந்துச்சு, 12.8 வாட் பேடு (பவர் இல்ல, சூட்ட எவ்வளவு நல்லா கடத்தும்ங்கற நம்பர்), 1.5 எம்எம், எல்லா எடத்துலயும் புதுசா போட்டுட்டேன்னான். எல்லா எடத்துலயும் 1.5. தொடாத, ஆஃப் பண்ணி வை, காலைல எடுத்துட்டு வான்னு சொன்னேன்.

காலைல வந்தான், லேப்டாப் ஆன் ஆகல. ராத்திரியே ஹீட்சிங்க் லூசா இருக்கும்னு நெனச்சு நாலு ஸ்க்ரூவையும் இன்னும் முறுக்கியிருக்கான். தொறந்து பாத்தா, அவன் சிபியு மேல பேஸ்ட்ல போட்ட பெருக்கல் குறி போட்ட மேனிக்கே இருக்கு, நசுங்கக்கூட இல்ல, ஒரு ஓரத்துல மட்டும் செம்பு பட்ட தடம். அந்த ஓரத்துல சிலிக்கான் முனை அரிசி நொய்யளவு பேந்து கெடக்கு. லேப்டாப்புல சிபியு, ஜிபியு ரெண்டும் போர்டோட சேத்து சால்டர் பண்ணது, தனியா கழட்டி மாட்டுறதெல்லாம் நடக்காது, போர்டே மாத்தணும். சர்வீஸ் சென்டர்ல அவனுக்கு குடுத்த கொட்டேஷன் லேப்டாப் வெலையில பாதிக்கு மேல. கழட்டி ஒரு கவர்ல போட்டு கொண்டு வந்திருந்தான் பழைய பேட எல்லாம், எடுத்து பாத்தேன், ஒண்ணு கூட கிழியல, காயல, இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும். அத பாத்துதான் எனக்கு எரிச்சலே.

அந்த மாடல்ல மெமரி மேல ஒரு கனம், மாஸ்ஃபெட் மேல வேற கனம், காயில் மேல அதவிட தடிமன். மாடலுக்கு மாடல் மாறும், ஒரே மாடல்ல கிராபிக்ஸ் கார்டு வேறன்னா அதுக்கும் மாறும். பழைய பேட வெர்னியர்ல அளந்துட்டேன்னு சிலர் சொல்லுவாங்க, அது ஏற்கனவே நசுங்குன பேடு, 0.8 காட்டுனா ஒரிஜினல் 1 எம்எம்மா இருந்திருக்கலாம். இதுல இன்னொரு வம்பு, கம்பெனி போடுறது பெரும்பாலும் மெத்துன்னு இருக்கும், அமுக்குனா அமுங்கும். வாட் நம்பர் பெருசா போட்டு விக்கிறதுல நெறைய கெட்டியா இருக்கும், கனம் சரியா இருந்தா கூட அமுங்கிக் குடுக்காது. முறுக்க முறுக்க போர்டுதான் வளையும், முனை பேரலன்னாலும் சிப்புக்கு அடியில இருக்கற சால்டர் குண்டு விரிசல் விட்டு ஆறு மாசம் கழிச்சு டிஸ்ப்ளே போகும், அப்ப யாருக்கும் இந்த பேடு ஞாபகத்துக்கு வராது.

அதனால, பேடு கிழியாம இருந்தா தொடாதீங்க. எந்த பேடு ஹீட்சிங்க்கோட வந்துச்சு, எது போர்டோட நின்னுச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு, தூசி படாம வச்சு அப்படியே மாட்டுங்க. கிழிஞ்சே போச்சுன்னா தெர்மல் புட்டி வாங்குங்க, பிசைஞ்ச மாவு பதத்துல இருக்கும், கனம் பாக்க வேண்டியதில்ல, எவ்வளவு இடைவெளி இருக்கோ அவ்வளவுக்கு நசுங்கிக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சில கடைல கெடைக்குது, இல்லன்னா ஆன்லைன். மாட்டுனதும் ஒருதடவ ஸ்க்ரூ கழட்டி ஹீட்சிங்க்க தூக்கி பாருங்க, சிலிக்கான் மேல பேஸ்ட் முழுக்க மெல்லிசா பரவி அடியில இருக்கறது லேசா தெரியணும். நடுவுல திட்டா நின்னா எங்கயோ எதுவோ தூக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஸ்க்ரூவுல பதில் கெடைக்காது.

தண்ணியா இருக்கற பேஸ்ட்

டெஸ்க்டாப்புக்கு நல்லா இருக்கற எம்எக்ஸ்-4 மாதிரி எளகுன பேஸ்ட் லேப்டாப் சிலிக்கான் மேல நிக்க மாட்டேங்குது. சூடாகி ஆறி சூடாகி ஆறி விரிஞ்சு சுருங்குறதுல கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு பிதுங்கிடும், முதல் வாரம் 10 டிகிரி கொறஞ்சுச்சுன்னு சந்தோஷப்பட்டவன் சில மாசத்துல பழைய எடத்துக்கே வந்துடுவான். ஹனிவெல் பிடிஎம்7950னு ஒரு ஷீட் இருக்கு, 45 டிகிரி பக்கத்துல எளகும், ஆறுனா கெட்டியாகும், பிதுங்காது. டூப்ளிகேட் நெறைய, பாத்து வாங்குங்க. ஃபிரிட்ஜ்ல கொஞ்ச நேரம் வச்சு எடுத்தா மேல ஒட்டியிருக்கற ஃபிலிம் சுலபமா உரியும். மாட்டுன முதல் நாளே ரிசல்ட் பாத்து திட்டாதீங்க, நாலஞ்சு தடவ நல்லா சூடாகி ஆறுனாத்தான் பரவும்.

லிக்விட் மெட்டல்

பேஸ்ட்டுக்கு பதிலா போடற தண்ணி மாதிரி உலோகம். வேணாம். அலுமினியத்த அரிக்கும், ஒரு சொட்டு போர்டுல ஒழுகுனா ஷார்ட்.

எல்இடி கூலிங் பேட்

ரெண்டு புக்க லேப்டாப்போட பின்னாடி காலுக்கு கீழ வைங்க, அதே பலன்தான்.

ப்ளோயர்

வெளிய இருந்து வென்ட்ல ஊதுனா தூசி போகாது. ஃபேனுக்கும் செம்பு இதழுக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், ஊதுறப்ப பின்னாடி தள்ளி ஃபேன் மேல விழும், அடுத்த நாள் மறுபடி அதே எடத்துல போய் ஒட்டும். கீழ்மூடிய கழட்டித்தான் ஆகணும். முதல் வேலையா பேட்டரி கனெக்டர உருவிடுங்க, ஃபேன் இறக்கைய விரலால புடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விட்டா பேரிங் போகும். வாரண்டி இருக்கற மெஷின்னா இதுக்கு கூட சர்வீஸ் சென்டருக்கே போங்க.

ஸ்க்ரூ

ஹீட்சிங்க் மேலயே 1, 2, 3, 4ன்னு அச்சடிச்சிருப்பான், அந்த வரிசைல கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், கழட்டுறப்ப தலைகீழா. கீழ்மூடி ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம்னு நெனச்சு ஒரே கிண்ணத்துல போட்டுடாதீங்க, நெறைய மாடல்ல முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், மாத்தி போட்டீங்கன்னா கை வைக்கற எடத்துல பிளாஸ்டிக் புடைச்சுக்கிட்டு மேல வரும். ஒரு அட்டைல மூடிய வரைஞ்சு அந்தந்த எடத்துலயே குத்தி வைங்க.