சோதனைத் தரவுக்கு நம்ம ஊர்ப் பெயர்கள்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கோ தருமபுரி பால் சங்கத்துக்கோ செயலி எழுதி, அதில் ‘டெஸ்ட்1, டெஸ்ட்2’ என்று நிரப்பிப் பார்த்தால் எல்லாம் தேறிவிடும், பிழை எதுவும் வெளியே தெரியாது. சோதனைப் பெயர்களுக்காக வாக்காளர் பட்டியலை இறக்கிக்கொள்வது அதைவிட மோசம். அதில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள்.

பைத்தான் நிரல்மொழியில் போலித் தரவு உருவாக்கித் தரும் ஃபேக்கர் நூலகம் தமிழ்ப் பெயர் தரும். வட்டார வாடை வேண்டுமென்றால் பட்டியலை நாமே எழுதுவதுதான் சரி. 40 பெயர் போதும்: பென்னாகரம் பக்கத்துக்கு மாதையன், மாதம்மாள், சென்னம்மாள், ஓசூர் பக்கத்துக்கு வெங்கடேசப்பா, முனிரத்னம்மா, கூடவே ஷபானா, அந்தோணி. தனியாக 12 இனிஷியல். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள், இங்கே பலருக்கு அது கிடையாது. சில பெயர்களை இனிஷியல் இல்லாமலும், சிலவற்றை இரண்டு இனிஷியலோடும், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும் உருவாக்குங்கள். ஆங்கில வடிவத்தை நிரலிடம் எழுத்துப்பெயர்க்கச் சொல்லாமல் பட்டியலிலேயே ஜோடியாக வையுங்கள். ‘ப.’ என்பது ஆங்கிலத்தில் பழனிக்கு ஒரு எழுத்து (P), பச்சையப்பனுக்கும் அதே எழுத்து, பசவராஜுக்கு வேறு (B).

ஒற்றை இனிஷியலோடு மட்டும் பார்த்தால், 40 பெயரும் 12 இனிஷியலும் சேர்ந்து 480 சேர்க்கை. ஏறத்தாழ 26 பேரை எடுத்தாலே இரண்டு பேருக்கு ஒரே பெயரும் இனிஷியலும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைத் தடுக்க வேண்டாம். ஒரே ஊரில் இரண்டு கோ.பெருமாள் இருப்பது சகஜம். தனித்துவம் உறுப்பினர் எண்ணில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பெயர்கள் வர, சீடு எண்ணை (தற்செயல் தேர்வின் தொடக்க எண்) நிலையாக வைத்து, நூலகப் பதிப்பையும் மாறாமல் பூட்டுங்கள். பதிப்பு மாறினால் அதே சீடு வேறு பெயர்களைத் தரலாம்.

செயலி அதிகம் உடைவது பெயரின் நீளத்தில். ‘கோவிந்தம்மாள்’ கண்ணுக்கு 7 எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 13 குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 39 பைட். 30 பைட்டில் வெட்டினால் ‘கோவிந்தம்ம’ என்று நிற்கும். 32இல் வெட்டினால் கடைசி எழுத்தே சிதைந்து கேள்விக்குறியாகும். ‘கொ’வை ஒரே உயிர்க்குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்க முடியும். தேடலில் இரண்டும் பொருந்த, சேமிக்கும் முன் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். அகரவரிசையைச் சோதிக்க மயிலம்மாள், மனோகரன் இருவரையும் போடுங்கள்: அகராதியில் மயிலம்மாள் முன்னால், குறியீட்டு வரிசையில் மனோகரன் முன்னால்.

கைபேசி எண் 6 முதல் 9 வரை தொடங்கினால் அது யாருடையதாகவும் இருக்கலாம். சோதனைச் சூழலில் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை முதலில் அணைத்துவிட்டு ஓட்டுங்கள்.