ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மவுஸ் திக்கியது ஏன்?

பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும்வரை இருந்த விடுமுறையில் பழைய லேப்டாப்பைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யத் தொடங்கியதுமே வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. வைஃபையும் அறுந்து அறுந்து வந்தது. காப்பி முடிந்ததும் இரண்டும் சரியாகிவிடும்.

மவுஸுக்குப் புது பேட்டரி போட்டேன், டிரைவர்களைப் புதுப்பித்தேன், விண்டோஸையே மறுபடி நிறுவினேன். பலனில்லை. பல நாள் இப்படியே போனது, கடுப்புதான்.

துப்பு கொடுத்தது டச்பேட். காப்பி ஓடும்போதும் அதில் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனது. டச்பேடுக்கு ரேடியோ அலை தேவையில்லை; வயர்லெஸ் மவுஸுக்கும் வைஃபைக்கும் தேவை. அப்படியானால் லேப்டாப் மெதுவாகவில்லை, ரேடியோ அலைதான் பாதிக்கப்படுகிறது. மவுஸின் குட்டி ரிசீவர், டிஸ்க் செருகிய நீல யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் யுஎஸ்பி 3, கேபிள் வழியாகவும் கனெக்டர் வழியாகவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடும். மவுஸும் என் வைஃபையும் பேசுவது அங்கேதான். சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது!

ரிசீவரை யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மவுஸ் பக்கம் தள்ளி வைத்தேன். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அவ்வளவுதான், திக்கல் நின்றது. கேபிள் இல்லாதவர்கள் டிஸ்க்கை யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பார்க்கலாம். ஆனால் அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான், காப்பி இழுத்துக்கொண்டே போகும்.