இணையதள வடிவமைப்பில் வாடிக்கையாளரின் கருத்தைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இணையதளம் வடிவமைக்கும் எனக்கு, பட்டு ஜவுளி, பாத்திரம், குத்துவிளக்கு, விதை வியாபாரம் என்று காவிரிப் படுகையின் தொழில்களில் இருப்பவர்களே பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். ஒரு வேலை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால், வாடிக்கையாளர் மனத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்று சொல்வது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. நான் பார்த்த வரையில் அவர் மனம் மாறுவது அரிது. நாம் முன்பே காட்டாமல் விட்டதைப் பின்னால் பார்க்கிறார், நாம் கேட்காமல் விட்டதைப் பின்னால் சொல்கிறார். அந்த இரண்டையும் முன்கூட்டியே சரிசெய்ய நம்மால் முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இயங்கும் பக்கத்துக்கு அசையாத படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்குவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதை நானே செய்திருக்கிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை விற்கும் ஒரு கடைக்காக, அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் நிற்கும் அன்னம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்து உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் வகையிலும், விரலால் இழுத்தால் விளக்கு சுழலும் வகையிலும் ஒரு பக்கம் செய்தேன். அதன் ஸ்கிரீன்ஷாட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உரிமையாளர் கட்டைவிரல் உயர்த்திய பதிலை அனுப்பினார். நானும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மூன்று வாரம் வேலை செய்து முடித்தேன். முடித்ததைக் காட்ட நேரில் போனபோது, அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே தம் போனில் பக்கத்தைத் திறந்து, விலையைப் பார்ப்பதற்காகக் கட்டைவிரலால் மேலே தள்ளினார். விளக்கு சுழன்றது, பக்கம் நகரவில்லை. மறுபடியும் தள்ளினார், மறுபடியும் விளக்குதான் சுழன்றது. "தம்பி, விலை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

போன் திரை முழுவதையும் விளக்கே அடைத்துக்கொண்டிருந்ததால், பக்கத்தை நகர்த்த வேண்டிய விரல் அசைவை எல்லாம் சுழற்றும் நிரல் பிடித்துக்கொண்டது. கிடைமட்ட அசைவை மட்டும் நிரலுக்கு விட்டு, மேல்கீழ் அசைவை உலாவிக்கே கொடுத்துவிடும்படி பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நிரலில் 'டச்-ஆக்‌ஷன்' என்ற பண்பை அமைத்தால் இது தீர்ந்துவிடும். தீர்வு ஒரு வரிதான் என்றாலும், எத்தனை ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் இந்தக் குறை வெளிப்பட்டிருக்காது. அதன் பிறகு, அரைகுறையாக இருந்தாலும் விரல் பட்டால் அசையும் ஒன்றைச் சோதனைத் தளத்தில் ஏற்றி, வாடிக்கையாளரின் சொந்தப் போனில், அவர் கடையில் கிடைக்கும் இணைய வேகத்தில் திறக்கச் சொல்லி, நான் பேசாமல் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மவுஸை மேலே கொண்டுபோனால் விரியும் மெனு, போனில் திறக்க வழியில்லாமல் கிடப்பதும் இப்படித்தான் கண்ணில் படும்.

அடுத்தது, வாடிக்கையாளர் சொல்லும் சொல்லை உடனே வேலையாக மாற்றிவிடும் தவறு. திருபுவனத்துப் பட்டுப்புடவை விற்கும் ஒருவர், "பளிச்சுன்னு இல்லையே" என்றார். நான் பின்னணியை வெண்மையாக்கினேன், பட்டன்களின் நிறத்தைக் கூட்டினேன். அப்போதும் அதையே சொன்னார். எந்த இடத்தைப் பார்த்ததும் அப்படித் தோன்றியது என்று கேட்டபோதுதான், ஒரு புடவையின் படத்தைப் பெரிதாக்கி, ஜரிகை மஞ்சளாகத் தெரிகிறது என்றும், கையில் எடுத்துச் சாய்த்தால் மின்னும் அந்த மினுக்கம் படத்தில் இல்லை என்றும் காட்டினார். குறை பக்கத்தில் இல்லை, புகைப்படத்தில் இருந்தது. 'பளிச்', 'எடுப்பு', 'ரிச்' போன்ற சொற்கள் அவர் உணர்ந்ததைச் சொல்கின்றனவே தவிர, நாம் செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை. எங்கே பார்த்தீர்கள், என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் நான் இப்போது எந்தத் திருத்தத்தையும் தொடங்குவதில்லை.

கருத்துகள் வந்து சேரும் வழியும் வேலையைக் கெடுக்கக்கூடியது. குடும்பத் தொழில்களில் அண்ணன் போனில் ஒன்று சொல்வார், தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார், வெளிநாட்டில் இருக்கும் மருமகன் மின்னஞ்சலில் மூன்றாவதாக ஒன்றை எழுதுவார். மூவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. முடிவு சொல்பவர் யார் என்பதை முன்பணம் வாங்கும் அன்றே பேசிவிட வேண்டும்; யார் எந்த வழியில் சொன்னாலும் அதை ஒரே எக்செல் தாளில் தேதி, சொன்னவர், எந்தப் பக்கம், என்ன முடிவு என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் படத்தின் மேலேயே குறிப்பு எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் அறுபது வயதுக் கடைக்காரரை அதற்குள் வரச் சொல்வதைவிட, அவர் சொன்னதை நாம் எழுதி, நீங்கள் சொன்னது இதுதானே என்று படித்துக் காட்டுவதே மரியாதையும் வேகமும் ஆகும்.

எதற்கும் சரி என்று தலையாட்டுவதும், எடுத்த எடுப்பில் மறுப்பதும் ஒரே அளவு தீங்கானவை. வெள்ளைப் பின்னணியில் தங்க நிற எழுத்து வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். இணைய அணுகுதன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டை, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையில் எதிர்பார்க்கிறது. வழக்கமான தங்க நிறம் வெள்ளையின் மேல் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. இந்த எண்ணைச் சொல்லி வாதாடிய காலத்தில் ஒருவரையும் என்னால் இணங்கவைக்க முடிந்ததில்லை. இப்போது அவர் கேட்டபடியே ஒரு பக்கம் செய்து, போனோடு கடை வாசலுக்கு வெயிலில் வரச் சொல்லி, விலையைப் படிக்கச் சொல்கிறேன். அரக்குப் பின்னணியில் தங்க எழுத்து என்ற வழிக்கு அநேகமாக அவரே வந்துவிடுகிறார்; பட்டுப் பெட்டியின் நிறமும் அதுதானே.

திருத்தம் எது, புது வேலை எது என்ற கோட்டை ஒப்பந்தத்திலேயே போட்டுவிட வேண்டும். இருக்கும் படிவத்தில் ஒரு கட்டத்தை நகர்த்துவது திருத்தம். தவணையில் பணம் கட்டும் வசதியைச் சேர்ப்பது புது வேலை.

தமிழ் உள்ளடக்கத்தைக் கடைசியில் வாங்கி ஒட்டுவது எங்கள் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டிய தவறு. ஆங்கில மாதிரி வாசகத்தை வைத்துச் சம்மதம் வாங்கிய பிறகு உண்மையான தமிழ் வாசகம் வந்தால், ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நின்ற பட்டனில் 'பதிவுசெய்து தொடரவும்' என்பது இரண்டு வரியாக உடைந்து நிற்கும். அச்சகத்திலிருந்து வரும் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாதவரை பக்கத்தில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தெரியும். இதைக் கண்டு வாடிக்கையாளர் சொல்லும் குறைகள் அவர் புதிதாகக் கிளப்பியவை அல்ல, நாம் தள்ளிப்போட்டவை.

கடைசியாக, ஊரின் நாட்காட்டியைப் பார்க்காமல் கெடு வைப்பது. பட்டுக்காரருக்கு முகூர்த்த நாட்களிலும் தீபாவளிக்கு முன்பும் நிமிர நேரமிருக்காது. கல்யாணம் வைக்காத மார்கழியில் உட்கார்ந்து பேசுவார். விளக்குக்காரருக்குக் கார்த்திகை தீபம் வரை ஓய்வில்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியில் திறந்து குறுவை தொடங்கிவிட்டால், விதைக் கடையில் நிற்கவே இடமிருக்காது. அந்த நாட்களில் பதில் வரவில்லை என்பதைச் சம்மதமாகக் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே போய்விடக் கூடாது. பதினெட்டுக் கேள்விகள் கொண்ட மின்னஞ்சலை அனுப்பிக் காத்திருப்பதற்குப் பதிலாக, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குப் போய், போனை அவர் கையில் கொடுத்து, "ஐயா, இதுல ஒரு மூட்டை விதைக்கு ஆர்டர் போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால், தாளில் எழுத வேண்டியதெல்லாம் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.